மின்ரயிலும் கூட்டுக்குடும்பமும்

1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியபின், தென்புறத்து ஊர்களில் குடியிருந்துகொண்டே நகரத்து அலுவலகங்களுக்கு நாள்தோறும் போய்வருவது எளிதாகி, வீடும் வேலையிடமும் விலகி நின்றன. இத்தகைய மாற்றங்களால் கூட்டுக்குடும்பம், அதாவது ஒரே சமையலும் பொதுச்சொத்துமாகப் பல தலைமுறையினர் சேர்ந்து வாழும் ஏற்பாடு, சிதைந்துவிடும் என்றே சமூகவியலார் பலர் கருதினர். சிகாகோ பல்கலைக்கழக மானிடவியலாளர் மில்டன் சிங்கர் 1964-இல் சென்னைத் தொழிலதிபர்கள் 19 பேரின் குடும்ப வரலாறுகளை ஆராய்ந்தபோது, தனித்தனி வீடுகளுக்குப் பிரிந்தவர்களும் உறவுக்கடமைகளைக் கைவிடவில்லை என்று கண்டார். அலுவலகத்தில் மேலைநாட்டு உடை, வீட்டில் வேட்டி என இடத்துக்கேற்ப நடைமுறையைப் பிரித்துக்கொள்வதை அவர் தனியொரு கருத்தாக்கமாகவே வளர்த்தெடுத்தார். ஆயினும் அது செல்வர்களைப் பற்றிய ஆய்வு. அதே மின்ரயில் பாதையிலுள்ள குரோம்பேட்டைத் தோல் தொழிற்சாலைத் தொழிலாளியின் உறவுகளுக்கு அதில் இடமில்லை.