ஒரு துளி உறை

பொழுது சாயும் நேரத்தில் ஒரு பிள்ளை கையில் கிண்ணத்தோடு எங்கள் தெருவில் ஓடினால், உறை வாங்கத்தான் ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். விளக்கு வைத்துவிட்டால் பால், தயிர், உப்பு, ஊசி எதுவும் வாசல்படி தாண்டாது. அதற்குள் வாங்கியாக வேண்டும். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் அது. என் அப்பத்தா வீட்டில் மூன்று எருமைகள் நின்றன. அதனால் பாதித் தெருவுக்கு எங்கள் வீட்டு உறைதான். பிந்தி வந்த பிள்ளையிடம், "விளக்கு வச்சாச்சே தாயி, இனி எப்படிக் குடுக்க?" என்பாள். பிள்ளையின் முகம் வாடியதும் மனசு கேட்காது. கிண்ணத்தில் காம்போடு ஒரு மிளகாய் வற்றலைப் போட்டு, மேலே ஒரு கரண்டி மோரை ஊற்றிக் கொடுத்துவிடுவாள்.

மிளகாய் திருஷ்டிக்கு என்றுதான் நினைத்திருந்தேன். பின்னாளில் ஒரு பால் கூட்டுறவு ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பாலை உறைய வைக்கும் பாக்டீரியாக்களில் சில மிளகாய்க் காம்பிலும் ஒட்டியிருக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். உறையே கிடைக்காத நாளில் வெதுவெதுப்பான பாலில் காம்பைக் கிள்ளிப் போட்டு மூடிவைப்பது நம் பெண்களின் பழைய கைமருந்து. அது பலித்ததற்குக் காரணம் இருந்தது.

உறை ஊற்றுவது இந்த மண்ணில் எவ்வளவு பழைய வழக்கம் என்பதற்குச் சங்கப் பாடல்களே சாட்சி. புறநானூற்றின் 276ஆம் பாடலைப் பாடியவர் மதுரைப் பூதன் இளநாகனார். வற்றி உலர்ந்த முதிய தாய் ஒருத்தியின் மகன் தனி ஆளாய்ப் பகைவர் படையைக் கலங்கடித்ததை அதில் சொல்கிறார். அதற்கு அவர் தேடிப் பிடித்த உவமை வாளோ வேலோ அல்ல. ஆயர் பெண் ஒருத்தி குடம் நிறைந்த பாலில் தன் நகத்தால் தெறித்துவிட்ட சிறு துளி உறை! அவ்வளவு பெரிய குடத்தை அவ்வளவு சிறு துளி மாற்றிவிடுகிறது. பாக்டீரியாவைக் கண்ணால் காண ஒரு கருவியும் இல்லாத காலத்தில், உறை என்பது அளவால் வேலை செய்வதல்ல, பெருகி வேலை செய்வது என்று ஒரு புலவருக்குப் புரிந்திருக்கிறது. அடுப்படியில் நின்று பார்த்தவர்தான் இதை எழுதியிருக்க முடியும் என்பது என் எண்ணம்.

பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்ச்சியையும் மறக்க முடியாது. விடியுமுன் எழுந்து, காளான் மொட்டைப் போலக் குவிந்து உறைந்த தயிரை மத்தால் கடைகிறாள். மோரை விற்றுத் தானியம் வாங்குகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் வேண்டாம் என்று சொல்லி எருமையும் பசுவும் வாங்குகிறாள். அப்பத்தாவும் அப்படித்தான். மோர் விற்ற காசு சீலைக்கும் கம்மலுக்கும் போனதில்லை, அடுத்த கன்றுக்குப் போனது.

ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். கேள்விகள் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும். தயிரில் இருக்கும் அந்தப் பூச்சிகள் எங்கிருந்து வருகின்றன? என்ன தின்கின்றன? மூச்சு விடுமா? ஃப்ரிட்ஜில் வைத்தால் செத்துப்போகுமா? முதலில் அவை பூச்சிகள் அல்ல என்று சொல்வேன். பூச்சியின் உடம்பில் எத்தனையோ செல்கள். இவற்றுக்கு ஒற்றைச் செல்தான் உடம்பு. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஆயிரத்தை வரிசையாக அடுக்கலாம்.

தின்பது பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையை. அதைச் சிதைத்து, பிழைக்கத் தேவையான ஆற்றலை எடுத்துக்கொண்டு, லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. பாலின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் 6.7 அளவில் இருக்கும். அமிலம் சேரச்சேர அது இறங்கி 4.6ஐ நெருங்கும்போது கேசீன் என்ற புரதம் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் கட்டிக்கொள்கிறது. அதுதான் தயிர். அந்தப் புளிப்பில் பாலைக் கெடுக்கும் மற்றக் கிருமிகள் பலவற்றால் பிழைக்க முடியாது. நம் வெயிலில் பால் ஒரு வேளை தாங்காது, தயிர் மறுநாளும் தாங்கும். மோரும் தயிரும் இந்த நாட்டின் அன்றாட உணவானதற்கு ருசி மட்டும் காரணமல்ல.

மூச்சு விடுமா என்ற கேள்விக்கு வாயால் பதில் சொன்னதே இல்லை. சோதனைக் குழாயில் 10 மில்லி பச்சைப் பாலை ஊற்றி, மெத்திலீன் நீலச் சாயம் ஒரு மில்லி விட்டு, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைப்பேன். பால் வெளிர் நீலமாக நிற்கும். பாக்டீரியா மிகுந்த பாலாக இருந்தால், பாலில் கரைந்த ஆக்சிஜனை அவை தீர்த்துவிட, அரை மணிக்குள் நீலம் மறைந்து பால் பழையபடி வெளுத்துவிடும். நல்ல பால் ஐந்து மணி நேரம் கடந்தும் நீலமாகவே நிற்கும். பிள்ளைகள் கடைசியாகப் பார்ப்பது குழாயின் மேல்விளிம்பை. மற்றதெல்லாம் வெளுத்த பிறகும் காற்றுப் படுகிற அந்த விளிம்பில் மட்டும் நூல்போல ஒரு நீல வளையம் மிஞ்சும். அதைச் சுட்டிக்காட்டியதும் ஒரு பிள்ளைக்காவது கண் விரியும்.

ஃப்ரிட்ஜில் அவை சாவதில்லை, ஒடுங்கிவிடுகின்றன. கொதிக்கவைத்தால் சாகும். பாலைக் காய்ச்சி, விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறவிட்டு உறை ஊற்றுகிறோமே, அதன் பொருள் இதுதான். காய்ச்சும்போது மற்றவற்றை ஒழிக்கிறோம், ஆறிய பின் வேண்டியவற்றைக் குடியேற்றுகிறோம். மார்கழிக் குளிரில் அப்பத்தா கலயத்தைச் சாக்கில் சுற்றி அடுப்போரம் வைப்பாள், உறையும் கூடுதலாக ஊற்றுவாள். கோடையில் அரைக் கரண்டி போதும்.

இந்தக் குடியேறிகளில் ஒன்றை முதன்முதலில் தனியே பிரித்தவர் ஜோசப் லிஸ்டர். அறுவை சிகிச்சையில் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டுவந்து எத்தனையோ உயிர்களைக் காத்த அதே மருத்துவர். 1878ஐ ஒட்டி லண்டனில் புளித்த பாலை நீரில் மேலும் மேலும் கரைத்தார். ஒரு துளியில் சராசரியாக ஒரு பாக்டீரியாகூட இருக்காது என்னும் அளவுக்குக் கரைத்துவிட்டு, காய்ச்சிய பால் நிரம்பிய குவளைகளில் துளித்துளியாக விட்டார். சில குவளைகள் உறைந்தன, மற்றவை அப்படியே நின்றன. உறைந்த குவளையில் விழுந்தது ஒற்றை உயிர். இன்று லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்று அழைக்கப்படும் அந்த இனம் நம் வீட்டுத் தயிரிலும் வாழ்கிறது. இந்தச் சோதனையைப் படித்தபோதெல்லாம் எனக்கு அந்த ஆயர் பெண்ணின் நகம்தான் நினைவுக்கு வந்தது.

உறைவதைப் போலவே உறையாமல் போவதற்கும் வரலாறு உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரை ஆயர்பாடியில் மாதரி என்ற ஆய்ச்சி பார்க்கும் தீக்குறிகளில் ஒன்று, குடத்துப் பால் உறையவில்லை என்பது. கோவலன் கொலையுண்ணும் வேளை. பால் உறையாத காலையை நேரில் கண்டவர்களுக்குத்தான் அந்த வரியின் பயம் புரியும். கலயத்தைச் சாய்த்தால் நீராய் ஓடும். வீட்டில் ஒருவரும் பேசமாட்டார்கள்.

பாக்டீரியாவுக்கும் நோய் வரும். அவற்றைத் தாக்கும் வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர். சீஸ் செய்யும் உறையை ஃபேஜ் அழிக்கிறது என்று 1935இல் நியூசிலாந்தில் ஒயிட்ஹெட், காக்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். என் காலத்தில் பால் உறையாமல் போனதற்குக் காரணம் வேறு. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்து வடியும் நாட்கள் கழியுமுன் ஊற்றிவிடுவார்கள். அந்த ஆண்டிபயாடிக் உறையிலுள்ள பாக்டீரியாவையும் வளரவிடாது. ஊதா நிறக் குழாயில் அந்தப் பாலை விட்டு 64 டிகிரியில் மூன்று மணி நேரம் வைப்போம். குழாயில் இருக்கும் பாக்டீரியா வளர்ந்தால் மஞ்சளாகும். ஊதாவாகவே நின்றால் பாலில் மருந்து இருக்கிறது. ஊதாவாக நின்ற குழாயைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மாதரியின் குடம் என் மனசில் வந்து போகும்.

உறையின் அருமையை முழுதாக உணர்ந்தவர்கள் நீலகிரித் தோடர்கள். 1901-02இல் அங்கே தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் ரிவர்ஸ், 1906இல் வெளியான தன் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தோடர்களுக்குப் பால்மனையே கோயில். எருமையைக் கறப்பவரும் கடைபவரும் அங்கே பூசாரிகள். முன்பு கடைந்த மோரில் கொஞ்சத்தைப் புதிதாய்க் கறந்த பாலில் சேர்த்தார்கள். அதற்குப் 'பெப்' என்று பெயர். நேற்றைய மோர் இன்றைய பாலுக்குள், இன்றையது நாளைக்குள் என்று அந்தச் சரடு அறாமல் போக வேண்டியிருந்தது. அறுந்தால் சடங்கு நடத்தித்தான் புதிய பெப் உண்டாக்கினார்கள். உறையின் தொடர்ச்சியை இவ்வளவு புனிதமாகக் காத்த வேறொரு கூட்டத்தைப் பற்றி நான் படித்ததில்லை.

சமவெளியில் சடங்கு இல்லை, பெண்கள் இருந்தார்கள். என் அத்தைகள் கல்யாணமாகிப் போனபோது சீர்த் தட்டுகளோடு ஒரு சின்னத் தூக்கில் தயிரும் போனது. "நம்ம வீட்டு உறை அங்கயும் இருக்கட்டும்" என்று அப்பத்தா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவள் கொடுத்தனுப்பியது வெறும் தயிர் அல்ல. எத்தனையோ தலைமுறை நம் வீட்டுப் பாலில் பழகிய ஓர் உயிர்க்கூட்டம். ஒவ்வொரு வீட்டுத் தயிருக்கும் ஒவ்வொரு ருசி இருந்ததற்கு, அந்தந்தக் கலயத்தில் வாழ்ந்த வகைகளின் கலவை பெரிய காரணம்.

அப்பத்தா இறந்த பிறகு வீட்டை ஒரு மாதம் பூட்டிவைத்தோம். திறந்தபோது கலயத்தில் பூஞ்சணம்தான் இருந்தது. உறையைப் பற்றி அத்தனை படித்த நான் ஒரு கரண்டி எடுத்துவைக்க மறந்துபோனேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். கடைசியில் மேலூரில் இருக்கும் சின்ன அத்தை வீட்டில்தான் அது கிடைத்தது. அந்தத் தூக்கில் போன உறை அங்கே அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பாக்கெட் தயிர் வந்தபின் தெருவில் கிண்ணத்தோடு ஓடும் பிள்ளைகள் இல்லை. ஆலையில் தேர்ந்தெடுத்த ஒருசில வகைகள் மட்டும் எல்லா ஊருக்கும் போகின்றன. அது கெட்ட தயிர் என்று நான் சொல்லமாட்டேன், பல ஆண்டுகள் அதைச் சோதித்துக் கொடுத்தவள் நான். ஆனால் வீட்டு உறைக்கு அது மாற்று அல்ல. உங்கள் அம்மாவோ மாமியாரோ இன்னும் வீட்டில் உறை ஊற்றினால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இரண்டு கரண்டி தயிரை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் எடுத்து வாருங்கள். பஸ்ஸில் ஓர் இரவு தாங்கும். வீட்டுக்கு வந்ததும் பாலைக் காய்ச்சி ஆற்றி, அன்றைக்கே ஊற்றிவிடுங்கள்.