பிரெஞ்சு கிளாரண்டன்

பிரெஞ்சு கிளாரண்டன் என்பது 19ஆம் நூற்றாண்டின் தடித்த தலைப்பு எழுத்துரு வகை. கவ்பாய் படங்களில் "தேடப்படுகிறார்" சுவரொட்டியைப் பார்த்தவர்களுக்கு இதன் பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரியும்.

இதன் வேர் லண்டனில் இருக்கிறது. அங்குள்ள ஃபான் தெரு எழுத்து வார்ப்பகம் 1845இல் தன் பங்குதாரர் ராபர்ட் பெஸ்லியின் பெயரில் கிளாரண்டன் எழுத்துருவைப் பதிவு செய்தது. சட்டப் பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். அது முடிந்ததும் போட்டி வார்ப்பகங்கள் தாராளமாக நகலெடுத்தன. 1860களில் அமெரிக்காவில் அதை ஒடுக்கி, செரிஃப்களை (எழுத்தின் முனைகளில் உள்ள குறுக்குக் கோடுகளை) மட்டும் ஊதவைத்த வடிவமான பிரெஞ்சு கிளாரண்டன் பரவியது.

வழக்கமான எழுத்தில் செங்குத்துக் கோடு தடிக்கும், செரிஃப் மெலியும். இங்கே எல்லாம் தலைகீழ். ஆங்கில 'I' எழுத்தின் ஒல்லியான தண்டுக்கு மேலும் கீழும் கனத்த பட்டைகள். வரியாகக் கோத்தால் அந்தப் பட்டைகள் இரண்டு தண்டவாளங்களைப் போல ஓடும். நீண்ட பத்திக்கு இது கொஞ்சமும் ஒத்துவராது. தூரத்திலிருந்து கண்ணை இழுக்கத்தான் பிறந்தது.

பெரிய அளவில் ஈய எழுத்து கனக்கும், விலையும் கூடுதல். ஆகவே மர எழுத்துகள். டேரியஸ் வெல்ஸ் 1827இல் நியூயார்க்கில் மரம் குடையும் எந்திரத்தைப் புகுத்தினார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதனுடன் வடிவத்தை வேறு அளவில் படியெடுக்கும் பான்டோகிராஃபை இணைத்தார். ஒரே மாதிரியிலிருந்து பல அளவுகளைச் செதுக்க முடிந்தது.

பின்னாளில் ராபர்ட் ஹார்லிங் வடிவமைத்த பிளேபில் எழுத்துருவும் (1938) இதே குடும்பச் சாயல் கொண்டது.