கம்பித் தட்டிக்குப் பின்னால் வயலின்

வெனிஸ் நகரின் பியெத்தா இல்லம் 14ஆம் நூற்றாண்டில் தோன்றியது. பெற்றவர்கள் கைவிட்ட குழந்தைகளை வளர்ப்பதே அதன் வேலை. சில சிசுக்களோடு பாதியாக வெட்டிய பதக்கம் ஒன்றும் கிடக்கும். மறுபாதியோடு தாய் என்றாவது வரலாம் அல்லவா? அங்கு வளர்ந்த பெண்களில் இசை கைவந்தவர்கள் இல்லத்தின் இசைக் குழுவுக்குப் போனார்கள், மற்றவர்களுக்குத் தையலும் நெசவும். 1703இல் வயலின் ஆசிரியராகச் சேர்ந்த இசையமைப்பாளர் விவால்டி இவர்களுக்காகவே பல கான்செர்ட்டோக்களை எழுதினார். அவர்களில் ஒருவரான, தகப்பன் பெயர் இல்லாத அன்னா மரியாவுக்கு வயலினே குடும்பப் பெயரானது.

இதை வெறும் தர்மம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பித் தட்டிக்குப் பின்னால் முகம் மறைத்து அவர்கள் வாசித்ததைக் கேட்க வெளிநாட்டார் வந்தார்கள், இல்லத்துக்கு நன்கொடை சேர்ந்தது. அப்படியானால் சுரண்டல்தானே என்பார்கள். பாதி உண்மை. ஆனால் வெளியே வாத்தியக் குழுக்கள் பெரும்பாலும் பெண்களைச் சேர்க்காத காலத்தில், இங்கே மூத்த பெண்கள் ஆசிரியைகளாகி இளையவர்களைப் பயிற்றுவித்தார்கள். அன்னா மரியாவே அப்படி உயர்ந்தவர். முடிச்சு வேறிடத்தில் இருந்தது: மணம் முடித்து வெளியேறுபவள் பொது மேடையில் வாசிப்பதில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். கலையைக் கொடுத்த இல்லமே வெளி மேடையை மறித்தது. மெந்திகாந்தி என்ற இன்னோர் இல்லத்தில் பயின்ற மத்தலேனா லொம்பார்தினி 1767இல் ஒரு வயலின் கலைஞரை மணந்து, பாரிஸிலும் லண்டனிலும் வாசித்தார். அவர் விதிவிலக்கு.