கோப்பியைத் தின்ற துரு

குண்டசாலை என்றதும் வீர நரேந்திரசிங்க மன்னன் மாளிகை அமைத்து வாழ்ந்த ஊர் என்பதே நினைவுக்கு வரும். அவ்வூர் அமைந்த தும்பறைப் பள்ளத்தாக்குக்குப் பிறிதொரு வரலாறும் உண்டு. அது கோப்பியின் வரலாறு.

1869 இல் இலங்கைக் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடியொன்று காணப்பட்டது. துரைமாரிற் சிலர் மழையை நொந்தனர். சிலர் மண்ணை நொந்தனர். 1880 இல் ஹரி மார்ஷல் வார்டு என்னும் இளம் தாவரவியலாளரை அரசாங்கம் ஈராண்டுப் பணிக்கு அமர்த்திற்று. பல்கலைக்கழகப் பீடமன்று, தோட்டமே அவருக்கு ஆய்வுகூடமாயிற்று. நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சணம். அதன் நுண்வித்துகள் காற்றிற் பரவி, ஈரம்பட்ட இலையில் முளைத்து, இலைவாய் வழியே உட்புகுகின்றன என்று அவர் நிறுவினார். இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே அது பரவ வழிசெய்தது என்பதையும் ஒளியாது உரைத்தார். மருந்தை எதிர்பார்த்திருந்த துரைமாருக்கு இது கசந்தது. கோப்பியோ அழிந்தது, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.

வார்டின் அறிக்கைகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழகத்திலிருந்து கால்நடையாய் வந்து அக்கோப்பியைப் பறித்தோரின் வாழ்வும் அதே இலையில்தான் தொங்கியது. அவர்க்கு அதனை எடுத்துரைக்க ஒருவரை அமர்த்த வேண்டுமென்று எவருக்குத் தோன்றிற்று?

விவசாயத் திணைக்களம் 1912 இல் தோன்றியது. அத்தகைய உத்தியோகம் பின்னரே வளர்ந்தது. குண்டசாலை விவசாயப் பாடசாலையிற் பயின்று போதனாசிரியராகிறவர், இன்று வயல்வரம்பில் நின்று, இலையைத் திருப்பிக் காட்டி, நோயின் பெயரை உழவர்க்குச் சொல்கிறார்.