ஏழு பொத்தானில் ஏழு சுரம்: சென்னையில் சிற்றியந்திர இசை நிரலாக்கம், 1986–2000

கையடக்க விளையாட்டுக் கருவிகளுக்குப் பின்னணி இசை எழுதும் கலையின் வரலாற்றை ஜப்பானிலிருந்து தொடங்குவதே வழக்கம். அதற்குச் சென்னையில் ஒரு கிளை உண்டு. அது திரையிசையிலிருந்து தொடங்குகிறது. இயக்குநர் கே. பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம் தயாரித்த ‘புன்னகை மன்னன்’ 1986 தீபாவளிக்கு வெளியானது. இந்தியத் திரையில் கணினி நிரல் வழியே இசை பதிவான முதல் படமாக அதைக் குறிப்பிடுகிறார்கள். இசையமைப்பாளர் இளையராஜா அதில் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கருவி யமஹா சிஎக்ஸ்5எம்.

இந்தக் கருவியின் பிறப்பை யாரும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. 1984இல் வந்த அது எம்எஸ்எக்ஸ் வகைக் கணினி. வீடுகளில் விளையாட்டுக்கு வாங்கப்பட்ட கணினிகளின் குடும்பம். இசட்80 செயலி, 32 கிலோபைட் நினைவகம். அதன் முதல் வடிவத்தில் இருந்த ஒலிச்சில்லு ஒய்எம்2151, ஒரே நேரத்தில் 8 குரல்களை எழுப்பும். அதே 1986இல் சேகா வெளியிட்ட ‘அவுட் ரன்’ விளையாட்டுக்கு ஹிரோஷி கவாகுச்சி அமைத்த இசையும் இதே சில்லில்தான் ஒலித்தது. கோடம்பாக்கத்துப் பாடலும் ஜப்பானிய விளையாட்டுக்கூட இசையும் ஒரே சில்லுக்கு எழுதப்பட்டதாகத் தெரிவது தற்செயல்தான். ஆனால் பொருளுள்ள தற்செயல். இரண்டிலும் வேலை ஒன்றே: சுரம், அதன் நீளம், ஒலியின் தன்மை ஆகியவற்றை எண்ணாக்கி இயந்திரத்திடம் ஒப்படைப்பது.

வேறுபாடும் பெரிது. திரைப்படத்தில் நிரலின் ஒலி நாடாவில் பதிவாகிவிடும். போதாத இடத்தில் வயலின்காரரை அழைத்துக்கொள்ளலாம். கையடக்கக் கருவியோ ஒவ்வொரு முறையும் தானே வாசித்தாக வேண்டும். 1989இல் வந்த நின்டெண்டோவின் கேம் பாயில் நான்கு தடங்கள் மட்டுமே: இரண்டு சதுர அலை, 32 புள்ளிகளில் நாமே வரைந்துகொள்ளும் ஓர் அலை, ஓர் இரைச்சல். இசையமைப்பாளர்கள் ஒரு சுரக்கூட்டின் (chord) சுரங்களை ஒரே தடத்தில் மின்னல் வேகத்தில் மாறி மாறி ஒலிக்கவிட்டு, அவை சேர்ந்தொலிப்பதாகக் காதை நம்பவைத்தார்கள். சதுர அலையின் சுரத்தானத்தை 2048 படிகளில் குறிக்கலாம். திரை புதுப்பிக்கப்படும் வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 60 முறை, அந்த எண்ணை மாற்றினால் சுரம் வழுக்கிச் செல்லும். ஆகவே தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைப்பதற்குக் கூட இயந்திரம் தடையில்லை. அசைவின் பாதையை எண்களாக எழுதித் தருவது யார் என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டவர் எம். சுப்ரமணியன். கர்நாடக இசைக் குறிப்பைக் கணினியில் வாசிக்கவைக்கும் ‘காயகா’ மென்பொருளை உருவாக்கிய அவர், 1999இல் சங்கீத நாடக அகாதெமியின் இதழில் இது பற்றி எழுதினார். கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை, அலங்காரமாகப் பார்க்காமல் சுரத்தின் உடலாகவே குறியீட்டுக்குள் கொண்டுவந்ததை இத்துறையின் தலையாய பங்களிப்பாக நான் கருதுகிறேன்.

மக்கள் கைக்கு வந்தது வேறொரு கருவி: கைபேசி. 1995இல் ஸ்கைசெல்லும் ஆர்பிஜி செல்லுலாரும் சென்னையில் கைபேசிச் சேவையைத் தொடங்கின. 2000இல் நோக்கியா 3310 வந்தது. அதில் ரிங்டோனை நாமே எழுதலாம். 1 முதல் 7 வரையான பொத்தான்கள் ஏழு சுரங்கள். 8 நீளத்தைக் குறைக்கும், 9 கூட்டும், 0 இடைவெளி. அந்த ஏழும் வரிசையாக அழுத்தினால் சங்கராபரணத்தின் சுரங்கள். 1, 2, 3, 5, 6 என்றால் மோகனம். ஆறை விட்டு ஏழை எடுத்தால் ஹம்சத்வனி. இசை தெரியாதவரும் இந்த எண்களைப் பார்த்து ஒரு மெட்டை உருவாக்க முடிந்தது. ஆனால் ஒரே குரல், வழுக்கல் கிடையாது. அதனால் நேர்சுரத்தில் நிற்கும் மெட்டுகள் அந்தக் கருவியில் அடையாளம் மாறாமல் ஒலித்தன. தோடியும் சஹானாவும் அதற்குள் வரவே இல்லை. இயந்திரத்தின் குறியீடே எந்த ராகம் ஒலிக்கலாம் என்பதைத் தீர்மானித்தது.

இந்த வரலாற்றுக்கான சான்றுகள் ஒலிநாடாவில் மட்டும் இல்லை. எண்கள் நிறைந்த நோட்டுகளிலும் நெகிழ்தட்டுகளிலும் பழைய கைபேசிகளிலும் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதேனும் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களைக் கேட்டுப் பாருங்கள்.