போபாலில் தொடங்கிய புகைக் கணக்கு

அமெரிக்காவில் எந்தப் பெரிய ஆலை எவ்வளவு கரியமில வாயு விடுதுன்னு இணையத்தில் யாரும் பார்க்கலாம். இதன் வேர் நம்ம போபாலில் இருக்கு. 1984 டிசம்பரில் அந்த விபத்து. 1985 ஆகஸ்டில் அதே யூனியன் கார்பைடின் மேற்கு வர்ஜீனியா ஆலையிலும் கசிவு. அமெரிக்கர்கள் விழித்துக்கொண்டது அப்போதுதான்! 1986-ல் சட்டம் வந்தது. நச்சு வெளியேற்றத்தை ஆலைகளே வருஷாவருஷம் எழுதித் தரணும், அரசு வெளியிடணும். குறைக்கச் சொல்லவில்லை, கணக்கு மட்டும்தான் கேட்டது.

பசுங்குடில் வாயுக்களுக்கு அந்த முறை வர இன்னும் 20 வருஷம் ஆச்சு. அதுவும் தனிச் சட்டமாக அல்ல. 2007 டிசம்பர் பட்ஜெட் சட்டத்துக்குள் செருகிய சில வரிகள்! 2009 விதிப்படி, பொதுவாக ஆண்டுக்கு 25,000 டன்னைத் தொட்டால் கணக்குக் காட்டணும். 2010-ல் அளக்க ஆரம்பிச்சாங்க. 2025 செப்டம்பரில், பெரும்பாலான ஆலைகளுக்கு இது இனி வேண்டாம்னு அதே சுற்றுச்சூழல் முகமை முன்மொழிந்தது. அது நிறைவேறினால், அந்த ஆலைகளின் கணக்கு பாதியிலேயே அறுந்துபோகும்.