கட்டமா, கேள்விக்குறியா?

1968-ம் வருடம். லண்டனில் ஒரு வீட்டின் ஜன்னலைக் கழற்றிவிட்டு, கிரேன் வைத்து ஒரு மெஷினை உள்ளே இறக்கினார்கள். சுமார் 90 கிலோ எடை. பீரோ இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை... எழுதுகிற மெஷின்!

வீட்டுக்காரர் லென் டெய்ட்டன். உளவாளிக் கதைகளில் அப்போது கொடிகட்டிப் பறந்தவர். ஐ.பி.எம். நிறுவனம் அந்த மெஷினை 1964-ல், அலுவலக டைப்பிஸ்ட்டுகளை மனத்தில் வைத்துக் கொண்டுவந்தது. டைப் அடிப்பதெல்லாம் காந்த நாடாவில் பதிவாகும். தப்பான இடத்தை மட்டும் திருத்தினால் போதும், மிச்சத்தை அதுவே கடகடவென்று அடித்துத் தள்ளிவிடும். திரை கிரை எதுவும் கிடையாது. டெய்ட்டனின் உதவியாளர் அதில் அடித்துக்கொடுத்து, 1970-ல் வெளிவந்த நாவல் 'பாம்பர்'. வேர்ட் பிராசசர் உதவியோடு எழுதப்பட்ட முதல் நாவல் என்ற பெருமையை அதற்குத் தருகிறார்கள்.

அந்த 90 கிலோ சமாசாரம் இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. மளிகை லிஸ்ட்டிலிருந்து வலைப்பதிவு வரை எல்லாவற்றையும் அதில்தான் எழுதுகிறீர்கள். ஆனால், எழுதியது அப்படியே இருக்குமா? பத்து வருடம் கழித்துத் திறந்தால் திறக்குமா? இந்த மென்பொருள்களின் சரித்திரத்தைப் புரட்டினால், திரும்பத் திரும்ப இந்தக் கேள்விதான் எட்டிப் பார்க்கிறது.

முதலில் ஒரு பென்சில் கதை. மைக்கேல் ஷ்ரேயர் என்ற அமெரிக்கர், ஆல்டேர் என்ற ஆதிகாலக் கம்ப்யூட்டருக்கு ஒரு புரோகிராம் எழுதினார். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கக் குறிப்பு எழுத வேண்டும். அதற்கு எதற்கு டைப்ரைட்டர், கம்ப்யூட்டர்தான் எதிரே இருக்கிறதே என்று தோன்றியிருக்கிறது. உட்கார்ந்து ஒரு மென்பொருளை எழுதிவிட்டார். 1976-ல் அது 'எலெக்ட்ரிக் பென்சில்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வந்த முதல் வேர்ட் பிராசசர். தன் சொந்தத் தேவைக்கு ஒருவர் செய்துகொண்ட கருவி, உலகத்துக்கே பழக்கமாகிப் போனது!

இரண்டு மூன்று வருடத்தில் 'வேர்ட்ஸ்டார்' வந்தது. செமூர் ரூபின்ஸ்டைன் கம்பெனி நடத்தினார், ராப் பார்னபி புரோகிராம் எழுதினார். எண்பதுகளின் தொடக்கத்தில் எழுத்தாளர்கள் பலர் இதற்குத்தான் அடிமை. நம் பக்கத்து வீட்டிலும் ஒருவர் இருந்தார். கொழும்பில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க். '2010' நாவலை அவர் வேர்ட்ஸ்டாரில்தான் எழுதினார். 1982-ல் மொத்த நாவலும் ஒரே ஒரு ஐந்து அங்குல ஃப்ளாப்பியில் அடங்கி, கொழும்பிலிருந்து நியூயார்க் போய்ச் சேர்ந்தது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்க பூமி நிலையம் வழியாக சாட்டிலைட்டில் பறந்தன. செயற்கைக்கோள் தகவல் தொடர்பு பற்றி 1945-லேயே கட்டுரை எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன நடந்துவிட முடியும்?

ஆனால் வேர்ட்ஸ்டாருக்கு ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. வரிகளை அழகாக அமைப்பதற்காக, வார்த்தைகளின் கடைசி எழுத்தில் ஒரு ரகசியக் குறியைச் சொருகி வைக்கும். வேர்ட்ஸ்டாரில் திறந்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். வேறு மென்பொருளில் திறந்தாலோ, வார்த்தைகளின் வால் எல்லாம் கிறுக்கல்! வீட்டை நீங்கள் கட்டினீர்கள், சாவி மட்டும் கம்பெனியிடம் என்கிற கதை.

அடுத்து நம்மூர் ஆபீஸ்களுக்கெல்லாம் நெருக்கமான 'வேர்ட்'. ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் 1974-ல் 'பிராவோ' என்ற எழுது மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர் சார்லஸ் சிமோன்யி. அவர் மைக்ரோசாஃப்ட்டுக்குத் தாவினார். ரிச்சர்ட் பிராடியும் சேர்ந்துகொள்ள, 1983-ல் வேர்ட் பிறந்தது. இதில் ஒரு சுவாரஸ்யம். அதே 1983-ல் மௌஸுடன் சேர்த்துக் கொடுப்பதற்காக ஒரு குட்டி மென்பொருளும் வந்தது. பெயர் நோட்பேட். அதை எழுதியவரும் அதே பிராடிதான்!

ஒரே தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஜிப்பா, ஜரிகை, மாலை மரியாதை. இளையவன் வெறும் துண்டு. நோட்பேடுக்குத் தடித்த எழுத்து தெரியாது, வண்ணம் தெரியாது, படம் ஒட்டத் தெரியாது. விண்டோஸ் 98 காலத்தில் 64 கே.பி.யைத் தாண்டிய ஃபைலைக் கொடுத்தால், 'என்னால் ஆகாது, வேர்ட்பேடிடம் போ' என்று கையை விரித்துவிடும். (ஒரு வித்தை மட்டும் தெரியும். முதல் வரியில் ஒரு புள்ளி வைத்து, அதை ஒட்டி 'லாக்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடித்து சேமித்துவிடுங்கள். அந்த ஃபைலை எப்போது திறந்தாலும் தேதியையும் நேரத்தையும் தானாகவே போட்டுவிடும். டைரி எழுத ஜோர்!)

வலைப்பதிவு அலை அடித்தபோது துண்டுக்காரனுக்கு யோகம் வந்தது. வேர்டில் எழுதிப் பதிவில் ஒட்டினால், நான்கு வரிக்கு நாற்பது வரி உபரிக் குறிகள் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். சில நேரம் மேற்கோள் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கிரீடம் வைத்த எழுத்து உட்கார்ந்திருக்கும். அதனால் பலர் வேர்டில் எழுதி, நோட்பேடில் ஒருமுறை கொட்டி அலசி, அங்கிருந்து எடுத்து ஒட்டினார்கள். தொல்லை தாங்காமல் 2007 வேர்டில் வலைப்பதிவுக்கென்றே தனி வசதி வைத்தார்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு. வீட்டிலேயே இ-கலப்பை மூலம் நோட்பேடில் தமிழில் அடித்து, ஃப்ளாப்பியில் எடுத்துப் போய் ஒட்டிவிட்டு வந்தால் மிச்சம்தானே? இங்கேதான் ஒரு கண்ணிவெடி. சேமிக்கும்போது நோட்பேட் 'ஆன்சி' என்ற பழைய முறையைத்தான் முதலில் நீட்டும். அதில் தமிழுக்கு இடமே கிடையாது. 'சில எழுத்துகள் அழிந்துவிடும், சம்மதமா?' என்று எச்சரிக்கையும் வரும். நமக்குத்தான் ஓகேயை அமுக்கியே பழக்கமாயிற்றே! மறுபடி திறந்தால், 'அம்மா' இருந்த இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள்.

மூன்றெழுத்து அம்மாவுக்கு ஏன் ஐந்து? யூனிகோடின் கணக்கு அப்படி. அ, ம, புள்ளி, ம, துணைக்கால். தலைக்கு ஒரு கேள்விக்குறி.

இதற்கு நேர் எதிரான கூத்து ஒன்றும் உண்டு. எக்ஸ்பி காலத்து நோட்பேடில் 'புஷ் ஹிட் த ஃபேக்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்து, சேமித்து, திறந்தால் வெறும் கட்டங்கள்! புஷ் உண்மையை மறைத்துவிட்டாராம். அமெரிக்க அரசின் சதி என்று மெயில்கள் பறந்தன. விஷயம் ரொம்ப சாதாரணம். அந்த வாக்கியத்தில் இடைவெளியோடு சேர்த்து 18 எழுத்துகள். நோட்பேட் தப்பாக ஊகித்து, அவற்றை ஜோடி ஜோடியாகப் படித்து ஒன்பது சீன எழுத்துகள் என்று நினைத்துக்கொண்டது. சீன எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அவை கட்டங்கள். விஸ்டாவில் இதைச் சரிசெய்தார்கள்.

கவனியுங்கள். கட்டம் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. உள்ளே உங்கள் எழுத்து பத்திரமாக இருக்கிறது, படிக்கிறவனுக்குத்தான் பாஷை புரியவில்லை. பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்தவை இன்று ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிவதும் இதே ரகம்தான். மாற்றியில் போட்டால் மீண்டுவிடும். கேள்விக்குறி அப்படி இல்லை. அங்கே எழுத்து செத்துவிட்டது. பிணத்துக்குப் பதில் ஒரு குறி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்த மாற்றியாலும் அந்த அம்மாவைத் திருப்பித் தர முடியாது.

2019-ல்தான் விண்டோஸ் 10 நோட்பேட், எல்லா மொழிகளுக்கும் இடமுள்ள 'யு.டி.எஃப்-8' முறையில் தானாகச் சேமிக்கத் தொடங்கியது. 1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. துண்டுக்காரன் கேட்காமலே நம் எழுத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொள்ள 28 வருடம் ஆகியிருக்கிறது.

இப்போது இளையவனும் மாறிவிட்டான். 2024-ல் எழுத்துப்பிழை பார்க்கக் கற்றுக்கொண்டான், 2025-ல் தடித்த எழுத்தும் வந்துவிட்டது. நடுவில் இருந்த வேர்ட்பேடை 2024-ல் விண்டோஸ் 11-லிருந்தே தூக்கிவிட்டார்கள். மென்பொருள்கள் வரும், போகும். கம்பெனிகள் வாங்கப்படும், விற்கப்படும். அதே 2024-ல் ராபர்ட் சாயர் என்ற கனடா எழுத்தாளர், கைவிடப்பட்ட வேர்ட்ஸ்டாரைத் திரட்டித் தொகுத்து இலவசமாக வெளியிட்டார். எழுதிய மென்பொருள் செத்தால், எழுதியதைத் திறக்க இப்படி ஒரு புண்ணியவான் வேண்டும்.

வரவு செலவுக் கணக்கில் ஒரு பாலபாடம் உண்டு. பேரேடு எவ்வளவு அழகாக இருந்தாலும், அசல் ரசீதைத் தனியாக வைத்திரு. எழுத்துக்கும் அதுதான். அலங்காரத்தை வேர்டில் செய்யுங்கள், ஆப்பில் செய்யுங்கள், எங்கே வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் வெறும் எழுத்தாக, யு.டி.எஃப்-8-ல், ஒரு பிரதியை ஓரமாகப் போட்டு வையுங்கள். அப்புறம் எந்தப் பெட்டி என்ன கேட்டாலும், ஓகேயை அமுக்குவதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடுங்கள்.